என் கட்டைவிரல் பட்ட செல்கள்

மகனே,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உன் அத்தை பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய், எங்காவது உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் உடனே என்னைத் தேடிப் பஸ் ஏறிவிடாதே. ஒரு நாள் கோபப்பட்டுவிட்டு அப்புறம் வா.

இன்று காலை சித்தூரில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். நீ புதுச் சட்டையில் முன் பெஞ்சில் இருந்தாய், நான் பின்னால் தூண் ஓரமாக இருந்தேன். போதகர் மணப்பெண் ஜெயாவின் பெயரைச் சொல்லி, உன் பெயரைச் சொல்லி, என் பெயரைச் சொல்லி, "மறைந்த கிருபா அம்மாளின் மகன்" என்று வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றும் கேட்டார். மூன்று ஞாயிறும் அப்படித்தான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்து நம் சபையில் அந்த இடத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. பிள்ளைகளை அதட்டவும் கைக்குட்டை தேடவும்தான் அந்த நேரம். இன்றைக்கு எழுந்து நிற்க வேண்டியவன் நான். எழவில்லை. உன் அம்மா சாகவில்லை, மகனே. மெட்ராஸில் அரசாங்க மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமைதான் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கே ஆரம்பித்துச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உன் காதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சின்ன வயதில் உனக்குக் காதுவலி என்றும், அம்மா பஞ்சு வைத்துக்கொண்டே இருப்பாள் என்றும் நீ ஜெயாவிடம் சொன்னதாக அத்தை சொன்னாள். உனக்குக் காதுவலி வந்ததே இல்லை. உனக்கு நாலு வயதில் உன் அம்மாவுக்கு மட்டும் சில குரல்கள் கேட்க ஆரம்பித்தன. குழாயடியில், ஜன்னலுக்கு வெளியே, சமைக்கும்போது. அசிங்கமாகத் திட்டும் குரல்கள். அதைப் பிள்ளை கேட்டுவிடக் கூடாதே என்று உன் காதில் பஞ்சை அடைத்தாள். தன் காதில் வைத்துக்கொண்டதில்லை. அந்த நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது என் வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவைதான். இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஊர் எதற்கும் போகாமல், எவர் கண்ணிலும் படாத தூரத்துக்கு அழைத்துப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் போய்விட்டன. ஆனால் உன் அம்மா பாதிதான் திரும்பி வந்தாள். நடை தளர்ந்தது, கை நடுங்கியது, வாய் எதையோ மென்றுகொண்டே இருந்தது. சர்ச்சில் பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சு கிளம்பியது. "எலிக்காரர் வீட்டம்மா ஜெபத்துலகூட பாக்கு மென்னுக்கினு உக்காந்துக்கினு இருக்குது, பாரு" என்று ஒருத்தி சொல்ல, நாலு பேர் சிரித்தது என் காதில் விழுந்தது. எலிக்காரர் என்பது நான்தான். திருப்பதியில் மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைக் கவனிக்கும் வேலை எனக்கு என்பது ஊருக்கே தெரியும். என் வீட்டில் இருந்த நோய் ஒருவருக்கும் தெரியாது. கூடத்திலும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வெட்கம்தான்.

என் வேலையைப் பற்றி உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. கூண்டு கழுவத்தான் சேர்ந்தேன். கை நிதானமாக இருந்ததால் வெட்டும் வேலை கற்றுக்கொடுத்தார்கள். எலியின் மண்டை ஓட்டை வேர்க்கடலைத் தோல்போல உரித்து, மூளையை நசுங்காமல் எடுத்து, ஃபார்மலின் மருந்தில் போட்டு ஊறவைக்க வேண்டும். ஊறி இறுகிய பிறகு மெழுகில் பதித்து, மெஷினில் மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் ஊதா நிறத்தில் ஒவ்வொன்றாகத் தெரியும். பார்த்து முடிவு சொல்வது டாக்டர்கள். நான் சீவுகிறவன். ஆனால் பத்து வருஷம் சீவுகிறவனுக்குத் தானும் பார்க்கத் தெரிந்துவிட்டது என்ற மிதப்பு வந்துவிடும். எனக்கு வந்தது.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் பெரிய டாக்டர் இந்த நோயைப் பற்றித்தான் எலிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சில எலிகளுக்கு ஓர் ஊசி. போட்டால் அவை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், ஓயாமல் மூலையை மோந்துகொண்டிருக்கும். வேறு சில எலிகளுக்குத் தீனியில் மாத்திரையைப் பொடித்துக் கலப்போம். உன் அம்மா சாப்பிட்ட அதே மாத்திரை. அந்த வில்லையை நான் ஆராய்ச்சிக்கூடத்திலும் பொடித்தேன், வீட்டிலும் தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து ஒரு காலை நேரம் கூண்டைத் திறந்தேன். மாத்திரை தின்ற எலிகள் தீனி இல்லாமலே வாயை மென்றுகொண்டிருந்தன. அந்தத் தாடை அசைவு நான் வீட்டில் தினமும் பார்த்த அசைவு.

பிறகு அவற்றின் மூளையை எடுக்கும் நாள் வந்தது. அன்றைக்கு உன் அம்மாவுக்குக் காய்ச்சல். மாலைக்குள் வீடு போக வேண்டுமென்று அவசரம் அவசரமாக எடுத்துப் போட்டேன். ஸ்லைடு தயாரானதும் டாக்டருக்கு முன்னால் நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். செல்கள் கறுத்து, வற்றி, வாலை முறுக்கிக்கொண்டு கிடந்தன. வேறு நாளில் எடுத்த மற்ற எலிகளின் ஸ்லைடில் அப்படி இல்லை. மாத்திரை மூளையைத் தின்கிறது, இதை என் கையாலேயே அவளுக்குக் கொடுத்துவருகிறேன் என்று முடிவுகட்டினேன். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். "சார், இது என்ன?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்டால், உனக்கெதற்கய்யா இந்த அக்கறை என்று திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உன் அம்மாவோ மாத்திரையை விட ஒத்துக்கொள்ளவில்லை. "அத நிறுத்தினா அவங்க திரும்பி வந்துருவாங்களே" என்றாள். நான் விடவில்லை. ஒரு விடுமுறை நாள் பகலில் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவளைக் கூடத்துக்கே அழைத்துப்போனேன். மைக்ரோஸ்கோப்பில் குனியச் சொன்னேன்.

"கத்திரிப்பூ கலர்ல இருக்குதுங்க. அழகாத்தான் இருக்குது" என்றாள்.

"அந்தக் கறுப்பு கறுப்பா இருக்குது பாரு, அதெல்லாம் செத்த செல்லு. மாத்திரை பண்ண வேலை."

"இது என் தலையா?"

"எலி."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எலிக்கு ஆனா எனக்கும் ஆயிருக்கும்னு ஆருங்க சொன்னாங்க? எலிக்கு எனக்கு மாதிரி குரல் கேக்குதா? டாக்டர ஒரு வார்த்தை கேளுங்களேன்."

பைத்தியம் என்று நான் ஊருக்கு மறைத்து வைத்திருந்தவள் கேட்ட கேள்வி அது. அதைவிடச் சரியான கேள்வியை அந்தக் கட்டடத்தில் அன்றுவரை நான் கேட்டதில்லை. "உனக்கு இன்னா தெரியும்? பத்து வருஷமா நான் பார்க்கறேன்" என்று அதட்டி அழைத்துவந்தேன். அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன்.

இனி சொல்வதுதான் உனக்கு ரொம்ப வலிக்கும். அதற்குப் பிறகு எட்டு மாதம் உன் அம்மா பிரமாதமாக இருந்தாள். வாய் அடங்கியது, கை நின்றது, முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. உன்னோடு கட்டம் போட்டுப் பாண்டி ஆடினாள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றாள். கிறிஸ்துமஸுக்கு உன்னையும் என்னையும் உட்காரவைத்து, சபையிலே யார் யார் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டினாள், நீ புரண்டு புரண்டு சிரித்தாய். அம்மா என்றதும் உனக்கு நினைவில் இருப்பது அந்த எட்டு மாதத்து அம்மாதான். அவள் என் தப்பிலிருந்து கிடைத்தவள். அந்த எட்டு மாதத்துக்காக வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போதோ, பெரிய டாக்டருக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்பதாவது மாதம் அவள் மறுபடியும் பஞ்சு வாங்கிவந்தாள். நான் பார்த்தேன். பார்க்காததுபோல இருந்தேன். தூக்கம் போனது, தானாகப் பேச்சு வந்தது, அதையும் பார்க்காததுபோல இருந்தேன். ஒரு நாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், நான் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. அலிபிரியில் திருமலைக்குப் படியேறிப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நானும் ஓடினேன். நம்மவர்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனைகூட மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. அங்கே எங்கு பார்த்தாலும் மொட்டை. ஆண், பெண், குழந்தை எல்லாம் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு நடக்கிறார்கள். அவளும் அந்தக் கூட்டத்தோடு முடி கொடுத்திருந்தால் அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியுமா என்று பயந்துபோனேன். முடியில்லாத ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் குனிந்து பார்த்து இரண்டு பேரிடம் அடி வாங்கினேன். திருச்சானூர், நாராயணவனம், புத்தூர் என்று இருபது நாள் தேடினேன். கடைசியில் போலீஸார் ஒரு கிணற்றிலிருந்து எடுத்து அடக்கம் செய்துவிட்ட யாரோ ஒரு பெண்ணின் புடவையைக் காட்டினார்கள். பச்சைப் புடவை. உன் அம்மாவிடமும் பச்சை உண்டு. அதுதானா என்று எனக்கு நிச்சயம் இல்லை. தேடித் தேடிக் களைத்துப்போயிருந்தேன். "இதுதான்" என்று சொல்லிவிட்டேன். சித்தூரில் நினைவு ஆராதனை நடந்தது. உன்னை அங்கேயே மிஷன் போர்டிங்கில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு நான் கூடத்துக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். உன் சட்டையைத் துவைக்க வேண்டியதில்லை, யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பேச ஆள் இல்லாமல் கூண்டுகளிடம் பேசினேன், நான் வைதாலும் அவை கேட்டுக்கொண்டன. அந்த வருஷம் புதிதாக ஒரு டாக்டர் எங்கள் கூடத்துக்கு வந்தார். பழைய ஸ்லைடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தவர், அந்தக் கறுத்த செல்களைக் கண்டதும் என்னைக் கூப்பிட்டார். "ஏமய்யா, இதி நீ வேலி பனி" என்றார். இது உன் விரல் செய்த வேலையய்யா என்று அர்த்தம். பச்சை மூளை மெத்தென்று இருக்கும். மருந்தில் இறுகும் முன்னால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் செல்கள் இப்படித்தான் கறுத்து முறுக்கிக்கொள்ளும். நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை, எடுத்தவன் கை. மொத்தத்தையும் தூக்கிப்போடச் சொன்னார்.

அப்படியானால் வாய் மெல்லுவது எதனால் என்று கேட்டேன். அது மாத்திரையால் வருவதுதான், மனிதர்களுக்கும் வரும் என்றார். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை மாற்றலாம், நோயாளியிடம் பேசிப் பார்த்துச் செய்வார்கள், சட்டென்று நிறுத்தத்தான் கூடாது என்றார். நிறுத்தினால் சில மாதம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அப்புறம் பழையபடி வந்துவிடும் என்றும் சொன்னார். எலிக்கு அந்த நோய் வந்ததாகச் சொல்ல முடியுமா சார் என்றேன். சிரித்தார். "எலி சுற்றுகிறது, மென்றுகொண்டிருக்கிறது. அதுவரைக்கும்தான் நமக்குத் தெரியும். அதன் மனசில் என்ன நடக்கிறது என்று யார் கேட்டது?" உன் அம்மா கேட்டதையே அவரும் சொன்னார். நான் ஸ்லைடுகளை வாளியில் கொட்டிவிட்டு, எலிக்கூண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஆராய்ச்சிக்கூட முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் நோயாளி பெயரும் ஊரும் சொல்ல முடியாமல் ஒன்றரை வருஷம் இருந்தாளாம். இப்போது தேறிவருகிறாளாம். "எங்க வீட்டுக்காரர் திருப்பதில எலி மூளை அறுக்கிறவர்" என்று மட்டும் சொல்கிறாளாம். அப்படி யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். போனேன். நரைத்து, இளைத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "புள்ள துன்னுச்சா?" என்று கேட்டாள். காலையில் கடைக்குப் போய் மத்தியானம் திரும்பியவளைப்போலக் கேட்டாள். நினைவு ஆராதனை நடத்திவிட்டதை நான் அழுதுகொண்டே சொன்னபோது, கூட்டம் வந்ததா, யார் பாடினார்கள் என்று விசாரித்தாள்.

அன்றைக்கே நான் சித்தூருக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது சொல்லத்தான் போகிறேன் என்றே நினைத்தேன். திருத்தணி தாண்டியதும் ஆராதனையில் வந்திருந்தவர்கள் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. புடவையைப் பார்த்து இதுதான் என்று சொன்னவன் நான். மாத்திரையை நிறுத்தியவன் நான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்றால் இரண்டையும் சொல்ல வேண்டும். நீ பெரியவனாகட்டும் என்றேன். பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்றேன். பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. அவளை வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று அங்குள்ள டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன். இதற்கு நடுவில் சபையில் எல்லோரும் என்னை மறுமணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். நான் மறுத்தேன். பெண்டாட்டி மேல் என்ன பாசம் பார் என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்காமலே நல்லவன் பட்டம் கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்?

இந்த நோய் எனக்கு வருமா என்றுதான் முதலில் உனக்குத் தோன்றும். அவளுக்கு ஆரம்பித்த வயதை நீ நெருங்கிக்கொண்டிருக்கிறாய். இருபது வருஷத்துக்கு மேல் மூளை சீவிய எனக்கும் இதற்குப் பதில் தெரியாது. கேட்ட டாக்டர்கள் எல்லோரும், வரலாம், ஆனால் வராமல் போவதுதான் அதிகம் என்றே சொன்னார்கள். தூக்கம் கெட்டாலோ, பிறருக்குக் கேட்காதது உனக்குக் கேட்டாலோ, வெட்கப்படாமல் அன்றைக்கே டாக்டரிடம் போ. ஜெயாவிடம் சொல்லிவிட்டுப் போ. வாழ்க்கையில் உனக்கு நான் தரும் புத்திமதி இது ஒன்றுதான். தெரியாததைக் கேட்கப் பக்கத்து அறைக்குப் போகாதவன் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் கல்யாணச் செய்தியைச் சொன்னேன். பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பொண்ணு வீட்ல என்னப் பத்திச் சொல்ட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட மறைச்சி கட்டிவெக்காதீங்க. ஊருக்கு என்ன மறைச்ச மாதிரி இல்ல அது. அதுக்குத் தெரியணும். நான் வரலன்னாலும் பரவால்ல, செத்தவளாவே இருந்துக்கினு போறேன், அதுகிட்ட மட்டும் சொல்லிடுங்க." அவள் அப்படிச் சொல்லியும் இன்று காலை தூண் ஓரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்து நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, அம்மா இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்" என்றாய். அங்கே நிற்க முடியாமல்தான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். உடம்பு சரியில்லை என்று சொன்னது பொய்.

புதன்கிழமை வந்து போதகரைப் பார்த்து, அடுத்த ஓலையில் "மறைந்த" என்பதை எடுக்கச் சொல்லப்போகிறேன். ஊர் என்னைப் பற்றிப் பேசட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெயாவிடம் நீதான் சொல்ல வேண்டும், அதற்கு முன்பே. கல்யாணம் வேண்டாமென்று அவள் சொன்னால் அவள் மேல் கோபப்படாதே, அதுவும் என் கணக்கில் சேரட்டும். ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்க்க விடுவார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. வாசலில் நோட்டு வைத்திருப்பார்கள். பெயர் எழுதி, நோயாளிக்கு என்ன உறவு என்று எழுதினால்தான் உள்ளே விடுவார்கள். நம் ஊர்க்காரர் யாராவது புரட்டிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், பதினான்கு வருஷமாக அந்த இடத்தில் நான் "தெரிந்தவர்" என்று எழுதிவருகிறேன். நீ போனால், "மகன்" என்று எழுது.

உன் நைனா